4 லட்சம் ரூபாய்க்குள் பழைய கார்: மாடலைத் தேடும் முன் வண்டி நின்ற இடத்தை விசாரியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே வசித்து, நாகர்கோவிலில் உள்ள பள்ளிக்குத் தினமும் காரில் சென்று வரும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் இருப்பது 1,28,000 கிலோமீட்டர் ஓடிய சிறிய பெட்ரோல் கார். பதிவுக் காலமான 15 ஆண்டு முடிய இன்னும் ஐந்து மாதங்களே உள்ளன. கிளட்ச், ஏசி, முன்பக்க சஸ்பென்ஷன் மூன்றையும் சரிசெய்ய 60,000 ரூபாய் ஆகும் என்று ஒர்க்ஷாப்பில் சொல்லியிருக்கிறார்கள். கதவுக்குக் கீழே உள்ள படிப்பகுதி துருப்பிடித்து, ஒருமுறை வெல்டிங் வைத்த பிறகும் மீண்டும் ஓட்டை விழுந்திருக்கிறது. வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாமியாரின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போய்வர வேண்டும். பழைய வண்டியை விற்கும் பணத்தையும் சேர்த்து 4 லட்சம் ரூபாய்தான் வரம்பு. மாற்றலாமா, மாற்றினால் எதை வாங்குவது என்று கேட்கிறார். நாகர்கோவிலில் வாகனச் சீரமைப்புத் தொழிலில் 22 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பார்த்துவிடுவோம். 60,000 ரூபாய் செலவழித்து இந்த வண்டியை இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டினால் மாதத்துக்கு 2,500 ரூபாய் ஆகிறது. அதோடு பதிவைப் புதுப்பிக்க, 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்ட 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் சேரும். மறுபுறம், மூன்று லட்சத்துச் சொச்சத்துக்கு வாங்கும் பழைய கார் ஆண்டுக்கு 35,000 ரூபாய் மதிப்பிழந்தால், அதுவும் மாதத்துக்கு ஏறக்குறைய 2,900 ரூபாய்தான். ஆகவே பணக்கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பழுது இன்ஜினிலும் கிளட்ச்சிலும் மட்டும் இருந்திருந்தால், சரிசெய்து ஓட்டுங்கள் என்றே நான் சொல்லியிருப்பேன். உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது அந்தத் துருதான். சிறிய கார்களில் லாரிக்கு இருப்பதுபோல் எடை தாங்கும் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தகட்டாலான கூடே எடை முழுவதையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் படிப்பகுதி பக்கவாட்டில் அடி விழும்போது உள்ளே இருப்பவரைக் காக்கும் தூண். அது உள்ளிருந்து அரித்துவிட்டால் மேலே வைக்கும் ஒட்டு, பிடிப்பதற்குத் தகடே இல்லாத இடத்தில் வைக்கும் ஒட்டாகிவிடும். குழந்தைகள் ஏறும் வண்டி இது. மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பணத்தைப் பிரிப்பது. இதில்தான் பலர் தவறுகிறார்கள். 4 லட்சம் கையில் இருந்தால் 4 லட்சத்துக்கு வண்டி பார்க்கிறார்கள். வாங்கிய மூன்றாம் மாதம் டயருக்கும் பேட்டரிக்கும் கடன் வாங்குகிறார்கள். உங்கள் பழைய வண்டிக்கு 60,000 கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவு முடியும் தறுவாயில், துருவோடு, அதை 40,000 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அப்படியானால் மொத்தம் 3,80,000. இதில் வண்டியின் விலை 3,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மீதமுள்ள 60,000 ரூபாயில் பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்சுக்கும் 18,000, நான்கு டயர்களுக்கு 17,000, பேட்டரிக்கு 5,000, எல்லா ஆயில்களையும் பெல்ட்டையும் பிரேக் பேடையும் மாற்றும் முதல் சர்வீசுக்கு 8,000 என்று ஒதுக்கினால், எதிர்பாராத செலவுக்கு 12,000 ரூபாய் கையில் நிற்கும். டயர் நன்றாக இருக்கும் வண்டி கிடைத்தால் அந்தப் பணம் உங்களுக்கே மிச்சம்.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வைத்திருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, செஸ் வரியும் நீங்கியது. புதிய வண்டியின் விலை இறங்கினால் அதே மாடலின் பழைய வண்டியும் இறங்கியாக வேண்டும். ஆனால் விற்பவர்களில் சிலர், தாங்கள் வாங்கிய காலத்துப் புதிய விலையைச் சொல்லியே பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்த மாடலின் இன்றைய ஷோரூம் விலையைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

டீசல் பற்றிச் சுருக்கமாக. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்றும், பெட்ரோல் கார் 18 கிலோமீட்டரும் டீசல் கார் 22 கிலோமீட்டரும் தரும் என்றும் வைத்துக்கொண்டால், மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு உங்களுக்கு மிச்சமாவது 1,150 ரூபாய் அளவுதான். பழைய டீசல் வண்டியில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை கைவைத்தால் இரண்டு மூன்று ஆண்டு மிச்சம் ஒரே நாளில் போய்விடும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பிஎஸ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைவடிகட்டி வேறு இருக்கிறது. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரை நெரிசலில் ஊர்ந்து போகும் 16 கிலோமீட்டர் ஓட்டம் அதற்கு ஒத்துவராது. நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். உங்களுக்குப் பெட்ரோல்தான்.

எந்த மாடல் என்பதற்குமுன் எந்த மாதத்து வண்டி என்பதைப் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும், சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்னால் எடுக்கும்போது ஒலிக்கும் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. முன்னால் உட்காரும் மற்றவருக்கான ஏர்பேக் 2022 ஜனவரியிலிருந்துதான் எல்லா வண்டிகளிலும் வந்தது. எனவே 2019 பிப்ரவரியில் செய்த வண்டிக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் செய்த வண்டிக்கும் இடையே விலையில் பத்தாயிரம் ரூபாய் வேறுபாடு இருந்தால், அந்தப் பத்தாயிரத்தைக் கொடுத்துவிடுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் ஆர்சி புக்கிலேயே இருக்கும். 2017, 2018 வண்டியைப் பார்ப்பதானால் ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் கொண்ட மேல் வேரியன்டை மட்டும் பாருங்கள்.

இந்த விலைக்குள் நான் பார்க்கச் சொல்வது டாடா டியாகோ, மாருதியின் புதிய வடிவ வேகன் ஆர், ஹூண்டாய் சான்ட்ரோ, டொயோட்டா எட்டியோஸ் லிவா ஆகிய நான்கை. இரண்டு ஏர்பேக் உள்ள டியாகோ, 2020 ஜனவரியில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் பெற்றது. ஆனால் இருக்கை தாழ்வானது; முழங்கால் வலி உள்ளவர் அதில் இறங்கி உட்காரவும் எழவும் சிரமப்படலாம். 2019 ஜனவரியில் வந்த வேகன் ஆரில் நாற்காலியில் உட்காருவதுபோல் நேராக உட்காரலாம், 341 லிட்டர் டிக்கியில் மாமியாரின் வாக்கரையும் வைக்கலாம். ஆனால் அதே அமைப்பின் சோதனையில் அது 2019இல் 2 நட்சத்திரமும் 2023இல் 1 நட்சத்திரமும்தான் வாங்கியது. இந்த இரண்டில் எதற்கு முன்னுரிமை என்று வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. மாமியாரை உடன் அழைத்துப்போய், ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். டியாகோவில் அவரால் தடையில்லாமல் ஏற முடிந்தால் அதுவே என் தேர்வு. முடியாவிட்டால் இரண்டு ஏர்பேக் உள்ள வேகன் ஆர். லிவாவின் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டாலும் இன்ஜினும் அடிப்பகுதியும் உழைக்கக்கூடியவை. பின் இருக்கையில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். சான்ட்ரோ 2022இல் நின்றது. நான்கு சிலிண்டர் என்பதால் ஓட்டம் மிருதுவாக இருக்கும். இந்தியாவில் விற்பனையையோ உற்பத்தியையோ நிறுத்திவிட்ட ஷெவர்லே, ஃபோர்டு, டட்சன் வண்டிகள் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் நல்ல வண்டிகள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு ஹெட்லைட்டுக்கோ கதவுக்கோ வாரக்கணக்கில் காத்திருக்கத் தினமும் பள்ளிக்குப் போகிறவரால் முடியாது. தானாக கியர் மாறும் ஏஎம்டி வகையும் இந்த விலையில் வேண்டாம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஏற்ற இறக்கச் சாலைகளில் அதன் கிளட்ச் இயக்கும் கருவி அதிகம் உழைக்கிறது. கெட்டால் செலவு பெரிது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் பழைய வண்டியின் ஆயுளைக் கிலோமீட்டரும் ஆண்டும் சொல்வதைவிட, இரவில் அது எங்கே நின்றது என்பது அதிகம் சொல்லும். ஆகவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நாள் நின்றது?" என்பதுதான்.

குளச்சல், முட்டம், மண்டைக்காடு, தேங்காய்ப்பட்டணம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் திறந்த வெளியில் நின்ற வண்டியை உப்புக் காற்று விடாமல் தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உப்பு தன் வேலையைத் தண்ணீர் தேங்கும் மடிப்புகளில் செய்திருக்கும். கதவைத் திறந்து அடிவிளிம்பில் விரலை விட்டுத் தடவுங்கள். அங்கே தண்ணீர் வடிவதற்கான சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்து, விளிம்பு சொரசொரப்பாகக் கொப்பளித்திருந்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது என்று பொருள். முன்பக்கக் கிரில் வழியாக டார்ச் அடித்து ஏசி கண்டென்சரைப் பாருங்கள். தேன்கூடுபோல் இருக்க வேண்டிய மெல்லிய அலுமினியத் தகடுகள் வெளுத்து, குச்சியால் லேசாகத் தொட்டாலே பொடியாக உதிர்ந்தால், அந்த ஏசி அடுத்த கோடைக்குள் கேஸ் கசியும். ஜாக்கி வைக்கும் இடம், பானட்டைத் திறந்ததும் இருபுறமும் தெரியும் ஷாக் அப்சார்பர் மேடை, டிக்கிப் பாயை எடுத்தால் தெரியும் ஸ்டெப்னிக் குழி ஆகிய மூன்று இடங்களையும் பார்க்காமல் எந்த வண்டிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், அது துருவைத் தடுக்க அடித்ததா மறைக்க அடித்ததா என்று ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும்.

இரண்டாவது வகை, நம் மாவட்டத்தில் நிறையவே கிடைக்கும் வெளிநாட்டுக்காரர் வண்டி. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வாங்கி நிறுத்திவிட்டுப் போயிருப்பார். ஆண்டுக்கு ஒரு மாதம் ஓடும். ஆறு வயது வண்டி, 21,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர் என்று கேட்டதும் மனம் ஓடிவிடும். நானே அப்படி ஒருமுறை தவறினேன். 2017இல் கருங்கல் பக்கத்தில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் துணி போர்த்தி நின்ற அப்படியொரு வண்டியை என் மைத்துனருக்கு நானே பார்த்து வாங்கிக் கொடுத்தேன். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. மூன்றாவது வாரம் மார்த்தாண்டத்திலிருந்து திரும்பும்போது பின்சக்கரம் ஒன்றிலிருந்து எரிந்த நாற்றம் வந்தது. பிரேக் சிலிண்டர் உள்ளே துருவேறி இறுகிக்கொண்டதால் மிதித்த பிரேக் விடவில்லை. அடுத்த மாதம் டேங்கினுள் இருக்கும் பெட்ரோல் பம்ப் நின்றது. அதைக் கழற்றும்போது பின்சீட்டுக்கு அடியில் எலி கடித்த வயர்க் கொத்தும், உரித்த தேங்காய் நாரும் கிடந்தன. மொத்தச் செலவு 43,000 ரூபாய். கிலோமீட்டரைப் பார்த்த நான், அது நின்ற ஆண்டுகளைப் பார்க்கவில்லை.

இப்போது இந்த ஆபத்து முன்பைவிடக் கூடியிருக்கிறது. இன்று பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையது. மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிவிடக் கூடும். 2023 ஏப்ரலுக்கு முன் செய்த பெரும்பாலான வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் சீல்களும் இந்த அளவு எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. இதற்காக நின்ற வண்டியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. விலையில் 30,000 ரூபாயைக் குறைத்துக்கொண்டு, டயர், பேட்டரி, பிரேக் ஆயில், நான்கு சக்கரத்தின் பிரேக் ரப்பர்கள், பெட்ரோல் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்ற கணக்கோடு வாங்கினால், அது நல்ல வண்டியாக அமையவும் கூடும்.

மூன்றாவது, தண்ணீரில் நின்ற வண்டி. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் நம் மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், 2015இலும் 2023இலும் சென்னையிலும் மூழ்கிய வண்டிகள் வேறு ஊர்களுக்குப் போய் விலையானதும் உண்டு. அலசி, உலர்த்தி, வாசனைத் திரவியம் அடித்து நிறுத்தியிருப்பார்கள். நான் முதலில் செய்வது, சீட் பெல்ட்டை அது முடியும் வரை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்ப்பது. சுத்தம் செய்கிறவர் வெளியே தெரியும் நீளத்தைத்தான் கழுவுவார். தூணுக்குள் சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருக்கும். அடுத்து, முன்சீட்டை முழுவதும் பின்னே தள்ளி, சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். உள்ளே இருக்கும் போல்ட் துருப்பிடிக்கத் தண்ணீர் உள்ளே வந்திருக்க வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள வயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சணம்போல் படிந்திருந்தால், பேசாமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மூழ்கிய வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்ட வண்டிகளில் துரு குறைவாக இருக்கும். ஆனால் கிளட்ச் தேய்ந்திருக்கும், அடிப்பாகம் கல்லில் உரசியிருக்கும். அவை எளிதில் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடியவை.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வருவதற்குமுன் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின்மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் தெரியும் ஏதோ ஒன்றை உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று பொருள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். மோர்போல வெளுத்த பசை கெட்டியாக இருந்தால் எச்சரிக்கை. பெயின்டைச் சூரியன் சாய்வாக விழும் வெளிச்சத்தில், வண்டியின் ஓரத்தில் குனிந்து நீளவாக்கில் பார்க்க வேண்டும். பட்டி வைத்துத் தேய்த்த இடம் அலைபோல் தெரியும். ஒரு கதவில் கீறல் மறைக்க டச்சப் செய்திருப்பது குற்றமல்ல. பானட், கதவு போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் பெயர்ந்து, கதவைச் சுற்றியுள்ள தூணின் ரப்பரை விலக்கினால் கம்பெனி வைத்த வட்டமான வெல்டிங் புள்ளிகள் சீராக இல்லாமல் இருந்தால், அது பெரிய மோதல்.

ஓட்டிப் பார்ப்பதைச் சமதளச் சாலையில் முடித்துவிடாதீர்கள். குமாரகோவில் பக்கத்து ஏற்றம் போன்ற ஒன்றில், ஏசி போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து, நின்ற நிலையிலிருந்து முதல் கியரில் எடுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால் கிளட்ச் முடிந்துவிட்டது. பிறகு குண்டும் குழியுமான சந்து ஒன்றில் கண்ணாடிகளை இறக்கி, பாட்டை அணைத்து, மெதுவாகப் போங்கள். சஸ்பென்ஷனில் எது தளர்ந்திருந்தாலும் காதில் கேட்கும். உயரமான வண்டி வாங்கினால் ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகும்போது அது பக்கவாட்டில் ஆடும். அது பழுதல்ல, வேகத்தைக் குறைத்தால் போதும். இவ்வளவையும் நீங்களே பார்த்த பிறகும், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து, ரேம்ப்பில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்க வையுங்கள்.

மீட்டர் திருத்துவது இன்றும் நடக்கிறது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைச் சொன்னால், ஒவ்வொரு சர்வீசுக்கும் வந்தபோது இருந்த கிலோமீட்டர் கணினியில் இருக்கும். உரிமையாளரையே உடன் அழைத்துப்போய்க் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 1423 என்றால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். 25,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் 2018 வண்டியில் நான்கு டயரும் 2022இல் செய்தவையாக இருந்து, பிரேக் பெடலின் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால், அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

களியக்காவிளை தாண்டினால் கேரளப் பதிவு வண்டிகள் சற்று மலிவாகக் கிடைக்கும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த பட்ஜெட்டுக்கு அது வேண்டாம். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியைக் கட்டி, புதிய எண் பெற வேண்டும். அங்கே கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெறுவது தனி அலைச்சல். வேறு மாநில எண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. மிச்சமாவதாகத் தோன்றும் பணம் இதிலேயே கரைந்துவிடும். நாகர்கோவிலின் டிஎன் 74, மார்த்தாண்டத்தின் டிஎன் 75 எண்களிலேயே தேடுங்கள். வண்டியின் வரலாற்றை அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் முடியும்.

தெரிந்த உரிமையாளரிடமிருந்து நேராக வாங்குவதே நல்லது. புரோக்கர் வழியாக வாங்கினாலும் ஆர்சியில் பெயருள்ளவரை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய கார் விற்கும் கடையில் வாங்கினால், அவர்கள் ஜிஎஸ்டி கட்டுவது தங்கள் லாபத்தின்மீதுதான். முழு விலைக்கும் 18 சதவீதம் கேட்டால் அது சரியல்ல.

காகித வேலையில், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் பாக்கி உள்ளதா, ஆர்சியில் வங்கிக் கடன் குறிப்பு உள்ளதா என்று முதலில் பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் வங்கியின் சான்றும், அந்தக் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணமும் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் அறிவிக்க வேண்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022இல் அறிவித்த கட்டணம், 1,000 சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதற்குமேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். 1 லிட்டர் இன்ஜினுக்கும் 1.2 லிட்டர் இன்ஜினுக்கும் இந்த வேறுபாடு ஆண்டுதோறும் வரும். கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக விற்பவருக்கு இருக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. ஆனால் உங்கள் இப்போதைய வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்து, கிளெய்ம் எதுவும் செய்யாமல் இருந்தால், அந்தச் சலுகை உங்களுடையது. விற்ற பிறகு உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி, புதிதாக வாங்கும் வண்டியின் பாலிசியில் பயன்படுத்துங்கள். சொந்த வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கக்கூடிய இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, உங்கள் பழைய வண்டியை விற்பது. வாங்குவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இதில் யாரும் காட்டுவதில்லை. நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வண்டி நான்கு கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவுக் காலம் முடியும் தறுவாயில் உள்ள வண்டியை வாங்குபவர் பெயர் மாற்றாமலே ஓட்ட நினைப்பார் என்பதால் உங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அனுமதி பெற்ற பழைய வாகன விற்பனையாளரிடம் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒப்படைத்த விவரத்தைப் படிவம் 29சி மூலம் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தனி நபருக்குக் கொடுத்தால் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை நீங்களே உடனிருந்து சமர்ப்பித்து, பெயர் மாறும் வரை வாங்குபவரிடமிருந்து 5,000 ரூபாயாவது வைப்புத்தொகையாக வாங்கி வையுங்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாங்கியவரின் ஆதார் நகலும் சாவி கொடுக்கும்போது எடுத்த படமும் உங்களிடம் இருக்கட்டும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகை உரித்தெடுத்து, அந்தக் கணக்கை அன்றே வங்கியில் சொல்லி முடித்துவிடுங்கள்.